மோட்டார் சைக்கிள் திருத்தமும் கைவேலையின் தத்துவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், வீதியோரக் கராஜ் ஒன்றின் பின்கட்டில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் வகுப்பைப் பற்றி மாணவரும் பெற்றோரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகள் வாசலில் நின்றபடி போகிற போக்கில் கேட்கப்பட்டவை. சில, கொஞ்சம் கோபத்தோடு கேட்கப்பட்டவை. கோபத்தோடு வந்தவற்றுக்குத்தான் நீளமாகப் பதில் எழுத வேண்டியிருந்தது.

இது திருத்துவேலை வகுப்பா, தத்துவ வகுப்பா?

இரண்டும் ஒரே மேசையில்தான் நடக்கின்றன. காலை எட்டரை முதல் பன்னிரண்டு வரை பாஸ் இயந்திரத்தைக் கழற்றவும் பூட்டவும் கற்பிக்கிறார். (தொழில் தேர்ந்தவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றே அழைப்போம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், சிங்களத்தின் வழியாக நம் வாய்க்கு வந்து சேர்ந்தது.) சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் என் பொறுப்பு. நான் பாடசாலையில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன். பிற்பகல் பேச்சைப் புத்தகத்திலிருந்து தொடங்குவதில்லை. காலையில் எந்த ஆணி கழல மறுத்ததோ, யாருடைய ஊகம் பிழைத்ததோ, அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.

கற்பதற்கு மோட்டார் சைக்கிளை ஏன் தெரிந்தெடுத்தீர்கள்?

காரின் இயந்திரம் மூடியின் கீழ் ஒளிந்துகொள்கிறது. மோட்டார் சைக்கிள் தன் உறுப்புகளை வெளியே வைத்துக்கொண்டே ஓடுகிறது. ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன், இரண்டு வால்வு கொண்ட 100 சிசி இயந்திரத்தை முழுவதும் பிரித்து மேசையில் பரப்பினால், பதினாறு வயதுப் பிள்ளையால் அதை ஒரு பார்வையில் அடக்கிவிட முடியும். வால்வு மூடியைக் கழற்றி, தீப்பொறி தரும் பிளக்கையும் எடுத்துவிட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினால், உள்ளிழுத்தல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்று கரும்பலகையில் எழுதிய நான்கு அடிப்புகளும் வால்வுகளின் ஏற்ற இறக்கமாகக் கண்முன்னே நடக்கும். பிளக் துளையில் விரலை வைத்தால் அமுக்கத்தின்போது காற்று விரலைத் தள்ளும். அந்தத் தள்ளலை உணர்ந்த பிள்ளைக்கு அமுக்கம் என்ற சொல்லை இன்னொரு முறை விளக்க வேண்டியதில்லை.

தேவையும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 இல்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் புது பைக் வாங்க வழியில்லாமல், இருந்ததை ஓட வைக்கத் தெரிந்தவரின் வாசலில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். திருத்துவேலையின் மதிப்பை ஊருக்கு யாரும் பிரசங்கம் செய்து புரியவைக்கவில்லை.

நாங்கள் கையால் உழைத்து ஓய்ந்துவிட்டோம். பிள்ளையையும் ஏன் கறுத்த கையோடு வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்?

இதைக் கேட்டவர் ஒரு தாய். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். கேட்டபோதே கையை நீட்டிக் காட்டினார். சுட்டுவிரலின் ஓரத்தில், கறை ஏறிய வெடிப்புகள் கோடு கோடாக இருந்தன. அந்தக் கைக்கு ஒரு வரியில் பதில் சொல்வது மரியாதையாகாது.

கைவேலையைப் புகழ்ந்து பேசுகிறவர்களில் பலர் அதைப் பிழைப்பாகச் செய்து பார்க்காதவர்கள். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடு மழையில் மலையேறியவரிடம் போய் உழைப்பின் இனிமையைப் பேசினால் அவர் சிரிப்பார், சிரிக்கத்தான் வேண்டும். ஆகவே முதல் பிற்பகலிலேயே இந்தச் சிக்கலை மேசையில் வைக்கிறோம். அந்த வேலை ஆளை உருக்கியது அது கையால் செய்யப்பட்டதனாலா, அல்லது அதன் வேகத்தையும் அளவையும் கூலியையும் செய்கிறவரைத் தவிர மற்ற எல்லாரும் தீர்மானித்ததனாலா?

சிமோன் வெய்ல் என்ற பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியை இந்தக் கேள்விக்கு விடை தேடி, 1934 டிசெம்பர் முதல் 1935 ஓகஸ்ட் வரை, இடையிடையே நோயும் வேலையின்மையும் குறுக்கிட, பாரிஸ் பகுதித் தொழிற்சாலைகளில் கூலியாளாக வேலை செய்தார். தன்னை நொறுக்கியவை வேகமும் கட்டளையும் என்று அவர் எழுதினார்: அந்த வேகத்தில் கை ஓட வேண்டுமானால் சிந்திப்பதை நிறுத்தியாக வேண்டும் என்பதே அவர் கண்டது. இதை அந்தத் தாயிடம் சொன்னேன். “கிலோ குறைஞ்சா அரைப் பேர் போடுவாங்களே சேர், அதைத்தானே அந்த அம்மா சொல்லுது?” என்றார். (அரைப் பேர் என்றால் அரைநாள் கூலி.) அந்த வாக்கியத்தை அன்றே குறித்துக்கொண்டேன். இப்போது வெய்லைப் படிக்கும் நாளில் அதையும் சேர்த்துப் படிக்கிறோம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கவ்வாத்து வெட்டுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைத் தாழ்த்தி வெட்டுகிறபோது, வெட்டு சாய்வாக விழ வேண்டும். கொம்பு பிளக்கக் கூடாது. எந்தக் கொம்பை விட வேண்டும், எது பட்டுப்போனது என்பதைக் கத்தி இறங்குவதற்கு முன் கண் முடிவு செய்ய வேண்டும். இத்தனையும் தெரிந்தவரைத் தோட்டத்துப் பதிவேடு தொழிலாளி என்று மட்டுமே எழுதியது. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று நான் முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த 19 ஏக்கரைத் துப்புரவாக்கி, குழி தோண்டி, நாற்று நட்ட கைகள் யாருடையவை என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நானும் கேட்க வைத்ததில்லை. இந்த வகுப்பை நான் தொடங்கியதில் அந்த உறுத்தலுக்கும் பங்கு இருக்கிறது.

உயர்தரம் படிக்க வேண்டிய பிள்ளை உயர்தரம் படிக்கட்டும். வகுப்பைச் சனிக்கிழமைக்கு வைத்திருப்பது அதற்காகத்தான்.

தத்துவம் என்று சொல்லி எதைப் பேசுகிறீர்கள்?

பெரும்பாலும் ஒரே ஒரு விடயத்தை: கைக்குத் தெரிந்தது அறிவுதானா? அரிஸ்டோட்டில் அறிவை வகைபிரித்தபோது, மாறாத உண்மைகளை அறிவதை ஒருபுறமும், ஒன்றைச் செய்து உருவாக்கும் திறமையை இன்னொருபுறமும் வைத்து, இந்தச் சமயத்துக்கு எது தகும் என்று தீர்மானிக்கும் விவேகத்தை இரண்டிலிருந்தும் வேறாக்கினார். கில்பர்ட் ரைல் 1945 இல் ஆற்றிய உரையொன்றில், ஒன்றை ‘இன்னது’ என்று அறிவதும் ‘இப்படிச் செய்வது’ என்று அறிவதும் வெவ்வேறு என்றும், இரண்டாவதை முதலாவதற்குள் அடக்கிவிட முடியாது என்றும் வாதிட்டார். வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் பொலானி, நம்மால் சொல்ல முடிவதைவிட அதிகமாக நாம் அறிந்திருக்கிறோம் என்றார்.

இவற்றை 6 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். அலுமினியத்தில் இறங்கும் அந்த அளவு போல்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீற்றர் முறுக்கம் போதும். 12 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியைப் பிடித்தால், அது எட்டரைக் கிலோ எடையைத் தூக்குகிற அளவு விசை. கணக்கு எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் போல்ட் இறுகி ‘இருந்துவிட்டது’ என்று கை உணரும் கணத்தைக் கணக்கு சொல்லித்தராது. முறுக்க ஸ்பானரில் பத்துத் தடவை இறுக்கிவிட்டு, பதினோராவது தடவை கண்ணை மூடிக்கொண்டு சாதாரண ஸ்பானரால் இறுக்கச் சொல்கிறார் பாஸ். அதன்பிறகு ஏற்கெனவே மூன்று தடவை கழற்றிப் பூட்டி, புரி தேய்ந்திருக்கும் துளையைக் கொடுத்து, இதில் எவ்வளவு இறுக்குவாய் என்று கேட்கிறார். இதற்குக் கையேட்டில் இலக்கம் இல்லை. அரிஸ்டோட்டில் விவேகம் என்று தனியே எடுத்து வைத்ததைப் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் தேடத் தொடங்குகிறார்கள்.

கொழும்பில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைப் பற்றியும் பேசுகிறோம். கனியவள ஆய்வுக்குப் பொறுப்பான புவியியலாளராகத் தீவைச் சுற்றியவர், கண்டிய நாட்டின் தச்சரையும் கொல்லரையும் நெசவாளரையும் கூர்ந்து பதிவுசெய்தவராக மாறியது நம் மலைகளுக்குப் பக்கத்தில் நடந்த கதை. கைத்தொழிலின் வழியே கல்வி என்று 1937 இல் வார்தாவில் காந்தி முன்வைத்த திட்டத்தையும் எடுப்போம். “அவர் சொன்னது ராட்டையை, பைக்கை அவர் ஒத்துக்கொள்வாரா?” என்று ஒரு மாணவன் கேட்டான். இயந்திர மோகத்தை எதிர்த்த காந்தி, சிங்கர் தையல் இயந்திரத்தை மட்டும் விதிவிலக்காக ஏற்றுக்கொண்டதைச் சொன்னேன். அன்றைய வாதம் அந்தி வரை போனது. பாஸ் கதவைப் பூட்டியதால்தான் முடிந்தது.

காலை வேலைக்கும் பிற்பகல் பேச்சுக்கும் உள்ள தொடர்பை ஓர் உதாரணத்தால் காட்ட முடியுமா?

முடியும். எங்களுக்கு மிகவும் பயன்பட்ட உதாரணம் ஒரு பெட்ரோல் தாங்கி மூடி.

மாணவன் ஒருவனின் தகப்பனார் தன் பழைய பைக்கைக் கொண்டுவந்தார். கொட்டகலையிலிருந்து புறப்பட்டால் இருபது நிமிடம் நன்றாக ஓடும். பிறகு மூச்சுத் திணறி நின்றுவிடும். மாணவர்கள் முதல் வாரம் பிளக்கை மாற்றினார்கள், ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி நின்றது. அடுத்த வாரம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், ஓடியது, மறுபடி நின்றது. மூன்றாம் வாரம், பிளக்குக்கு மின்சாரம் தரும் கொயிலில் கை வைக்கப் போனார்கள். பாஸ் அவர்களை நிறுத்தி ஒன்றே ஒன்றைக் கேட்டார்: “பிளக்கை மாத்தின அன்னைக்கும் காபரேட்டர் கழுவின அன்னைக்கும் வேற என்ன செஞ்சீங்க?”

யோசித்துப் பார்த்ததில், இரண்டு நாளும் பெட்ரோல் இருக்கிறதா என்று தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்திருந்தார்கள். தாங்கியிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். அந்தத் துளை மண்ணும் மெழுகும் சேர்ந்து அடைபட்டிருந்தது. உள்ளே காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்காமல் நின்றது. மூடியைத் திறந்தவுடன் காற்று உள்ளே போய், எல்லாம் சரியாகிவிட்டது. பாராட்டு முழுவதும் பிளக்குக்கும் காபரேட்டருக்கும் போய்விட்டது. மெல்லிய கம்பி ஒன்றால் குத்தியெடுக்கப் பாதி நிமிடம் ஆனது.

அன்று பிற்பகல், காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையிலிருந்து தொடங்கினோம். ஒன்றன்பின் ஒன்று நடந்தால் முன்னது பின்னதன் காரணம் ஆகிவிடுமா? ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது குணமாக்கியது என்று எப்படிச் சொல்வது? கோயிலில் நேர்ந்துகொண்டு காய்ச்சல் இறங்கியதைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டது. தேர்தலுக்குப் பிறகு விலை ஏறியதைப் பற்றி இன்னொரு பிள்ளை கேட்டது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், செய்ததைக் குறிப்புப் புத்தகத்தில் எழுது என்ற விதி அன்றிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

மலைநாட்டில் பைக் திருத்துவதற்குத் தனியாக ஏதும் தெரிந்திருக்க வேண்டுமா?

நிறைய. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால்தான் பருப்பு வேகத் தாமதமாகிறது. காற்று ஐதானால் இயந்திரம் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளிழுக்கும் காற்று குறைகிறது. தாழ்நிலத்துக்கு அளவாக்கப்பட்ட காபரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. கலவையில் பெட்ரோல் மிகுந்து, பிளக் கரி பிடிக்கிறது. பிளக்கின் நுனி இளம் பழுப்பாக இருந்தால் சுகம்; உலர்ந்த கருங்கரியாக இருந்தால் பெட்ரோல் மிகுதி; எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகிக்க வேண்டும்; வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. கண்டியில் வாங்கிய பைக்கை நானுஓயாவுக்குக் கொண்டுவந்து “பிளக் ஒவ்வொரு மாதமும் போகுது” என்று புலம்புகிறவருக்குச் சிறிய ஜெட் (காபரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பாகம்) ஒன்று தேவைப்படலாம். புதிய பிளக் தீர்வாகாது. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பைக்குகள் அழுத்தத்தை உணரியால் அறிந்து தாமே சரிசெய்துகொள்வதால் இந்தத் தொல்லை அவற்றில் குறைவு.

ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்தானது. 2022 யூலைக்குப் பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் என்று பங்கீடு வந்தபோது, இறக்கம் முழுவதும் நியூட்ரலில் உருட்டிவருகிற பழக்கம் பலருக்குத் தொற்றியது. பங்கீடு போன பின்பும் பழக்கம் போகவில்லை. கியரில் இருக்கும் இயந்திரம் இறக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் எல்லாச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். டிரம் பிரேக்கில் ஷூ சூடேறிக் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிப் பிடிக்க மறுக்கும். டிஸ்க் பிரேக்கில் வேறு தொல்லை: பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக் கூடாது என்பது நியமம். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 ஆக இறங்குகிறது. கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும், குமிழி அமுங்கும், லீவர் கைப்பிடிவரை வந்துவிடும், வண்டி நிற்காது. எங்கள் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தத் திரவத்தை மாற்றியாக வேண்டும்.

பழைய பிரேக் ஷூக்களின் தூசியில், சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கக்கூடும் என்பதால், எங்கள் வகுப்பில் அதைக் காற்றுக் குழாயால் ஊதுவதற்கு அனுமதியில்லை, ஈரத்துணியால் துடைப்பார்கள்.

எனக்குக் கணிதம் வராது. சேரலாமா?

சேருங்கள். உருளையின் கனவளவு வகுப்பில் மனப்பாடம் செய்த சூத்திரமாக இருந்தபோது வராமல் போனது, வேர்னியர் இடுக்கியைக் கையில் பிடித்தால் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம். ஹீரோ ஸ்பிளெண்டர் இயந்திரத்தின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீற்றர், பிஸ்டன் பயணம் 49.5 மில்லிமீற்றர். ஆரை 25, அதன் வர்க்கம் 625, அதை 3.1416 ஆல் பெருக்கி மறுபடி 49.5 ஆல் பெருக்கினால் 97,193 கன மில்லிமீற்றர், அதாவது 97.2 சிசி. விற்பனைத் தாளில் அச்சிட்டிருக்கும் அதே இலக்கம் தன் பென்சில் நுனியில் வந்து நின்றதைக் கண்ட ஒரு பிள்ளை, கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தது. டெப்பெட் இடைவெளி (வால்வுக்கு மேல் விடும் சிறு இடைவெளி) பார்க்கும் ஃபீலர் கேஜில் 0.05 மில்லிமீற்றர் தகடு தலைமுடியின் தடிப்பளவே இருக்கும். தசமத்தின் இரண்டாம் தானம் எதற்கு என்று அதைத் தொட்டவர் கேட்பதில்லை.

தவறு செய்து எதையாவது உடைத்துவிட்டால்?

உடைப்பீர்கள். நானே உடைத்தேன். இந்த வகுப்பைத் தொடங்குவதற்கு முன் பாஸிடம் நான் கோலயாவாக, அதாவது தொழில் பழகும் சீடனாக, நின்று பழகினேன். ஐம்பத்தொன்பது வயதுக் கோலயா. மூன்றாவது வாரம், பிளக்கைக் கையால் சில சுற்றுப் பூட்டிப் பார்க்காமல் நேரே ஸ்பானரை மாட்டி இறுக்கினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. நல்லதுதானே என்று நினைத்தேன். பிளக் கோணலாக ஏறி, அலுமினியத் தலையின் புரி முழுவதையும் அரைத்துக்கொண்டு போயிருந்தது. வண்டி வேறொருவருடையது. பாஸ் திட்டவில்லை. என்னை உட்காரவைத்து, துளையைப் பெரிதாக்கி, புதுப் புரி வெட்டி, ஹெலிகொயில் கம்பிச் சுருளை இறக்கும் வேலை முழுவதையும் என் கையாலேயே செய்வித்தார். பிறகு வண்டிக்காரரிடம் நடந்ததைச் சொல்லவும் என்னையே அனுப்பினார். அதுதான் கடினமாக இருந்தது. பாடசாலையில் நான் பிழையாகச் சொன்ன ஆண்டுகளை எத்தனை பிள்ளைகள் திருத்தாமல் சுமந்துகொண்டு திரிகிறார்களோ தெரியாது. இந்தப் பிழையைப் பெட்ரோல் வாசனையோடு புகை கக்கி அந்த வண்டியே காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆகவே விதி இது: உடைத்ததை ஒளிக்கக் கூடாது, உடைத்தவர்தான் திருத்த வேண்டும், பாகத்தின் விலையை வகுப்பு ஏற்கும்.

காருக்குப் போடும் ஒயிலை பைக்குக்கும் போடலாமா?

போடாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இயந்திர ஒயிலிலேயே மூழ்கி வேலை செய்கின்றன. எரிபொருளை மிச்சப்படுத்தும் கார் ஒயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அது கிளட்சை வழுக்கச் செய்யும். டப்பாவில், இப்படிப்பட்ட கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெண்பிள்ளைகள் சேரலாமா?

இப்போதே இருக்கிறார்கள்.

எந்த மொழியில் கற்பிக்கிறீர்கள்?

தமிழில். ஆனால் கராஜின் தமிழில். காபரேட்டரும் கிளட்சும் ஸ்ப்ரொக்கட்டும் அப்படியே இருக்கும். அவற்றுக்குக் கலைச்சொல் அகராதியில் உள்ள சொல்லைச் சொன்னால் உதிரிப்பாகக் கடையில் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அதே நேரம் அமுக்கம், முறுக்கம், உராய்வு, புரி போன்றவற்றைத் தமிழிலேயே வைத்திருக்கிறோம். அவை நிகழ்வின் பெயர்கள், தாய்மொழியில் வந்தால் பொருளும் சேர்ந்து வரும். கோலயா என்ற சிங்களச் சொல்லையும் விட்டுவிட மனமில்லை. கடைக்காரர், வண்டிக்காரர், பொலிஸ்காரர் என்று பாதிப்பேர் சிங்களம் பேசுகிற ஊரில், வேலைக்கு வேண்டிய சிங்களத்தையும் பாஸ் போகிற போக்கில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்.

சான்றிதழ் கிடைக்குமா?

எங்கள் வகுப்பு தருவதில்லை. தருவதாகச் சொல்லி யாரையும் சேர்ப்பதுமில்லை. நாட்டில் தேசிய தொழில் தகைமைச் சட்டகம் ஏழு மட்டங்களில் இருக்கிறது: ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்கு நிகர். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதை மேற்பார்வை செய்கிறது. வகுப்பறைக்கே போகாமல் வேலை செய்து கற்றவர்களும் தம் திறமையைச் செய்துகாட்டி, மதிப்பீட்டின் வழியே தகைமை பெற இந்தச் சட்டகம் இடமளிக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். பதினைந்து வருடம் கராஜில் நின்றவர்களுக்குக்கூட இந்த வழி தெரியாமல் இருப்பதுதான் வேதனை. எங்கள் மாணவர்கள் ஒவ்வொரு வேலையையும் திகதி, பழுது, செய்தது, விளைவு என்று எழுதிவைக்கும் குறிப்புப் புத்தகம், மதிப்பீட்டுக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய சாட்சி.

ஆயுத பூசையன்று கருவிகளுக்குப் பொட்டு வைப்பதைத் தத்துவ வகுப்பு ஏற்றுக்கொள்கிறதா?

சந்தனம் வைப்பதில் எங்களுக்குள் வழக்கில்லை. கிறிஸ்தவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பொட்டு வைக்காமல் தங்கள் கருவிகளைத் துடைத்து வரிசையில் வைப்பார்கள். அதற்கு முதல்நாள்தான் முக்கியமானது. அன்று பெட்டியில் உள்ள ஒவ்வொரு ஸ்பானரையும் மண்ணெண்ணெயில் கழுவி, வாய் அகன்றவற்றைப் பிரித்தெடுப்போம். வாய் அகன்ற 10 இலக்க ஸ்பானர் ஒன்று போல்ட் தலைகளை வட்டமாக்கிக்கொண்டே ஒரு வருடம் சுற்றியிருக்கும். கழுவாமல் பொட்டு மட்டும் வைக்க வந்த மாணவனைப் பாஸ் திருப்பி அனுப்பியதுண்டு.

மின்சார பைக் வந்துவிட்டால் இதெல்லாம் வீணாகிவிடாதா?

வால்வும் காபரேட்டரும் போய்விடும். பிரேக், டயர், பெயரிங், வயர் இணைப்பு ஆகியவை இருக்கும்; மழைநீர் புகுந்து பச்சை பூத்த இணைப்பைத் தேடும் பொறுமைக்கு வேலை இன்னும் கூடும். மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே முடியாதபடி ஒட்டி மூடுகிறார்களே, வாங்கியவருக்குத் தன் பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை உண்டா என்ற கேள்வியைச் சென்ற மாதம்தான் பிற்பகலில் எடுத்தோம், இன்னும் முடியவில்லை.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

அழுக்கானால் பரவாயில்லை என்ற உடுப்பு, மூடிய சப்பாத்து, நாற்பது பக்கக் கொப்பி, பென்சில். செருப்போடு வந்தால் பார்க்கலாம், தொட முடியாது. மோதிரம், காப்பு, தொங்கும் சங்கிலி எதுவானாலும் வீட்டில் விட்டுவரவும். நீளமான முடியைக் கட்டிக்கொள்ளவும். சாப்பாடு கொண்டுவரவும், தேநீர் நாங்கள் தருவோம். கையைக் கழுவ மண்ணெண்ணெய் வேண்டாம், தோல் வெடிக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவித் தேய்த்துவிட்டு, சவர்க்காரம் போட்டால் கறை போய்விடும். நகத்தடியில் இருப்பது மட்டும் திங்கட்கிழமை வரை நிற்கும்.